ஒரு நோட்டீஸ் கவிதையும் சரோஜாவின் ஆறு வருடமும்

சரோஜா அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்தார். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம் எல்லாம் போட்டு வைப்போமே, அந்த உறை. நான்காக மடித்த மஞ்சள் தாள். மடிப்புகளில் செலோடேப் ஒட்டி, அதுவும் பழுப்பேறிக் கிடந்தது.

"இந்த வாரம் என் முறை டீச்சர். இதப் பிரிச்சிப் பாக்கணும்," என்றார்.

மலாக்கா மாநிலத்தில், மெர்லிமாவ் டவுனில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே கோப்பிக் கடையில் மீ நூடுல்ஸ் பிரட்டுகிற சத்தம் மாடிவரை கேட்டது. எங்கள் கூட்டத்து ராணி சுட்டுக்கொண்டு வந்த உருளைக்கிழங்குக் கறிபாப் நடுமேசையில் இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினேன். தாளை வாங்கி முதல் வரியைப் படித்தேன்.

அது நான் எழுதிய கவிதை.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் ஸ்கூட்டரோடு கால்வாயில் விழுந்த கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. உண்மையில் இதை எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் மூன்று வாரமாகக் கால்வாய், கோழி, மாமியார் என்று வேறு கதைகளைச் சொல்லி உங்களை ஏய்த்துக்கொண்டிருந்தேன். சரோஜாவிடம் கேட்டேன், பெயரை மாற்றட்டுமா என்று.

"பேர மாத்தறதுன்னா மாத்துங்க. நடந்தத மாத்தாதீங்க," என்றார்.

பெயரை மாற்றியிருக்கிறேன்.

பிரித்துப் பார்க்கிற கூட்டம்

இடைநிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. தங்கா பத்துவில் வீட்டில் உட்கார்ந்து கடற்காற்றிடமா பேச முடியும்? அதனால் ஞாயிறுதோறும் கார் ஓட்டிக்கொண்டு மெர்லிமாவ் வரை போக ஆரம்பித்தேன். ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். எல்லாரும் வேலை பார்க்கிறவர்கள், பிள்ளை வளர்த்து முடித்தவர்கள்.

எங்கள் வேலை என்ன தெரியுமா? ஒரு கவிதையோ கதையோ நம்மை எதையோ செய்ய வைத்திருக்கும். அதை அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும். எழுதியவர் பெயரைத் தாள் துண்டால் மூடிவிட வேண்டும். பெயரைப் பார்த்தால் மரியாதை வந்துவிடும், மரியாதை வந்தால் கண் சரியாகத் தெரியாது. பிறகு எல்லாருமாக உட்கார்ந்து, இது எங்கே நம்மைப் பிடித்தது, எப்படி இழுத்தது என்று வரி வரியாகப் பார்ப்போம். நான் வெள்ளைப் பலகையில் எழுதுவேன்.

செர்காமிலிருந்து வருகிற ராணி மீன் வியாபாரம் பண்ணுகிறவர். அவர் ஒருமுறை ஒரு வாரப் பத்திரிகைக் கதையைக் கொண்டுவந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் வீட்டுக்கு நண்டுக் குழம்போடு போய் நின்றாராம். "கதையில நாத்தனாரு செத்துப் போறா டீச்சர். எனக்கு பயமா போச்சு. போய்ப் பாத்தா இவ கல்லு மாதிரி இருக்கா. என் நண்டு போனதுதான் மிச்சம்லா!" என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்க் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

இந்த உத்திகளுக்குப் புத்தகத்தில் இருக்கிற பெயர்கள் யாருக்கும் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். "நாமெல்லாம் ஒண்ணுதானே" என்று சேர்த்துக்கொள்வது 'தோள்மேல கை.' அழ வைத்துவிட்டுக் காரியத்தைக் கேட்பது 'கண்ணத் தொடச்சிக்கோ.' எதுகை மோனையால் தலையாட்ட வைத்து அர்த்தத்தைக் கவனிக்க விடாமல் செய்வது 'தாலாட்டு.' வேறு எந்த வழியும் இல்லாதபடி கதையைக் கட்டிவிடுவது 'கதவடைப்பு.' இந்தக் கடைசிப் பெயர் ஜமீலா அக்கா வைத்தது. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மலாக்காவில் துணிக் கடை வைத்திருக்கிறது. "நாங்க சேல விரிக்கும்போது பண்றதுதான் டீச்சர். வாங்க வந்தவ எந்திரிக்கறதுக்கு வழி இருக்கக்கூடாது," என்று விளக்கம் வேறு சொன்னார்.

பெருமையாக இருந்தது எனக்கு. இத்தனை வருடம் வகுப்பறையில் நடக்காதது இந்த மாடியில் நடக்கிறதே என்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொள்வேன். யாரும் யாரையும் இனிமேல் வார்த்தையால் ஏமாற்ற முடியாது என்று ஒருநாள் சொன்னேன், பீற்றிக்கொண்ட அதே வாயால்.

மஞ்சள் தாளில் இருந்தது

தமிழ்ப் பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்கும் காலத்தில் வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸ் அது. எழுதியவர் பெயர் கிடையாது. 'பெற்றோர் ஆசிரியர் சங்கம்' என்று மட்டும் கீழே இருந்தது. சரோஜா அதையும் ஒழுங்காகத் தாள் துண்டால் மூடியிருந்தார்.

"நீங்களே படிங்க டீச்சர், உங்க குரல் நல்லாருக்கும்," என்றார்.

படித்தேன்.

பத்து மாதம் சுமந்தவள் எழுதினாள்
பத்தே வரியில் ஒரு கடிதம்.
கண்ணே, உடம்பு முடியவில்லை,
கடைசியாய் ஒருமுறை வந்துபோ.

கடிதம் போனது. பிள்ளை பிரித்தது.
கறுப்புக் கோடுகள். யாரிடம் கேட்பது?
மேசைக்குள் வைத்து மூடியது.
மேலும் ஒரு மாதம் போனது.

அம்மா, உன் பிள்ளைக்கு
அ எழுதித் தராதவள் யார்?
பக்கத்துப் பள்ளி பக்கம்தான்.
பாசம் எவ்வளவு தூரம்?

படித்து முடித்தேன். ராணி மூக்கை உறிஞ்சினார். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். இத்தனை வருடம் கழித்தும் வேலை செய்கிறதே என்கிற கேடுகெட்ட சந்தோஷம். கடைசியில் "இத எழுதினது யாரு தெரியுமா?" என்று ஒரு போடு போடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள்.

"அது சரி, உடம்பு முடியலன்னா அந்தம்மா போன் பண்ண வேண்டியதுதானே?" என்று ராணிதான் முதலில் கேட்டார். மூக்கு உறிஞ்சி ஈரம்கூடக் காயவில்லை. "கடுதாசி எழுதி, அது போய்ச் சேந்து, இவன் படிக்கத் தெரியாம மேசைக்குள்ள வெச்சி... ஏன், பக்கத்து வீட்டுல ஒரு தமிழாளு இல்ல?"

"கதவடைப்பு," என்றார் ஜமீலா அக்கா. "போன மூடியாச்சி, பக்கத்து வீட்ட மூடியாச்சி. அப்பத்தானே அந்தம்மா சாக முடியும்."

போர்டில் எழுதினேன்.

"இந்தப் 'ப' 'ப'ன்னு வருதே, அது தாலாட்டு," என்றார் இன்னொருவர். அதையும் எழுதினேன்.

"அப்பா எங்க போனாரு?" இது ஜமீலா அக்கா. "பத்து மாசம் சொமந்தவ, அ எழுதித் தராதவ, எல்லாம் பொம்பளதான். பிள்ளைக்கு அ சொல்லித் தர அப்பனுக்குக் கை இல்லியா? எழுதினவங்களுக்கு நல்லாத் தெரியும், யார மெரட்டினா மெரளும்னு."

அட பாவமே, அது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. நான் எழுதியதில் அப்பா இல்லை என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஆனால் ஜமீலா அக்கா சொன்னது நிஜம். எழுதும்போது என் கண் முன்னால் அம்மாக்கள்தான் நின்றார்கள்.

சரோஜா பேசியது

சரோஜா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசி இரண்டு வரியில் விரலை வைத்தார்.

"பக்கத்துப் பள்ளி பக்கம்தான். எங்க கம்பத்துல, வீட்டுக்கு எதிர்த்தாப்லயே மலாய் ஸ்கூல் டீச்சர். அடுப்படியில நின்னா பெல்லு கேக்கும். என் மக தேவிய அங்கதான் சேக்கறதா இருந்தேன். விண்ணப்பப் பாரம்கூட வாங்கிட்டேன். இந்தத் தாள் வந்துச்சு. ரெண்டு நாள் சாமி மேடையில வெச்சிருந்தேன். மூணாவது நாள் பாரத்தக் கிழிச்சிட்டேன்."

அவர் அழவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

தமிழ்ப் பள்ளி செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே இருந்தது. பள்ளி வேன் அவர் வீட்டுப் பக்கம் வராது. கணவர் லாரியில் வெளியூர் போகிறவர். சரோஜாவுக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை. காலை ஏழுக்கு உள்ளே இருக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஏழுக்கு உள்ளே போக முடியாது. வேலையை விட்டார். ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினார். ஆறு வருடம், மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, மழையில் செம்மண் சடக்குப் பாதையில் வழுக்கிக்கொண்டு போய், மறுபடி மதியம் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன தேவிக்கு மலாயில் மார்க் போதவில்லை என்று ஒரு வருடம் மலாய்க்கென்றே இருக்கிற ரிமூவ் வகுப்பில் போட்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வகுப்பு மேலே போய்விட்டார்கள். அந்த வருடம் முழுக்கத் தேவி வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

"சேத்ததுக்கு வருத்தமில்ல டீச்சர். தேவி நல்லாத்தான் இருக்கா, கிளினிக்ல வேல பாக்கறா, தமிழ்ல என்னவிட நல்லா எழுதுவா. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அன்னிக்குப் பாரத்தக் கிழிச்சது நானா? இல்ல, இந்தத் தாள் கிழிக்க வெச்சிச்சா?"

சரோஜா தாளின் மடிப்பை நீவிவிட்டார்.

"இன்னொன்னும் கேக்கணும். நம்ம பழக்கம்தானே, சொல்றவங்க யாருன்னு கடைசியில பாக்கறது? இத எழுதினவங்க பிள்ள எந்த ஸ்கூல்ல படிச்சிருக்கும்?"

ராணி பட்டென்று சொன்னார்: "சீன ஸ்கூல்லதான் இருக்கும், நம்ம டீச்சர் மகன் மாதிரி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆமாம், என் மகன் ஆதவன் சீனப் பள்ளியில் படித்தவன் என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். சிங்கப்பூரில் சீனக்காரர்களோடு சரளமாக மாண்டரினில் பேசுகிறான் என்று இரண்டாவது வாரமே பீற்றியிருந்தேன்.

நானும் சிரித்தேன். எழுதவே கூசுகிறது. சிரித்தேன்.

"எழுதினவங்க யாருன்னே தெரியலயே சரோஜா. தெரியாதவங்களப் பத்திப் பேசி என்ன பண்றது? நேரமாச்சி, தேத்தண்ணி குடிப்போம்," என்றேன்.

சரோஜா என்னையே பார்த்தார். பிறகு தாளை மடித்து உறைக்குள் வைத்தார்.

சாப்பாட்டு மேசை

அந்தக் கவிதை பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் நல்ல மனிதர். அந்த வருடம் பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியையே மூடிவிடுவார்கள் என்கிற நிலைமை. வீட்டுக்கு வந்து கோப்பி குடித்துவிட்டு, "மனச உருக்கற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க டீச்சர். நீங்க எழுதினா அம்மாமாருங்க தாங்க மாட்டாங்க," என்றார். அந்தப் புகழ்ச்சியும் ஒரு உத்திதான் என்று இன்றைக்கு எங்கள் ராணிகூடச் சொல்லிவிடுவார். எனக்கு அன்று குளுகுளுவென்று இருந்தது.

இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளிக் கணினியில் தமிழ் எழுத்து இல்லாததால் கையாலேயே அழகாக எழுதினேன். அதைத்தான் மஞ்சள் தாளில் நகல் எடுத்தார்கள். மெர்லிமாவ் பக்கத்து அம்மாக்களை மனதில் வைத்து எழுதியது. பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு பள்ளி இருந்தவர்கள். அந்தக் கடைசி இரண்டு வரியும் அவர்கள் வாசலைப் பார்த்துக் குறி வைத்ததுதான்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் ஆதவன் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் ஆண்டு. சீனப் பள்ளிக் கட்டம் போட்ட நோட்டில், ஒரே எழுத்தை வரிசையாகப் பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்தான். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுவது அவன் வழக்கம்.

"சத்தம் போடாதடா, அம்மா எழுதறேன்ல," என்று அதட்டினேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். நான் 'அ எழுதித் தராதவள் யார்?' என்று எழுதினேன்.

ஐயோ, இப்போது நினைத்தால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு ஒரு துளி உறுத்தல் இல்லை. எனக்கு அது எழுத்து, இது பிள்ளையின் எதிர்காலம். இரண்டும் வேறு வேறு அலமாரி. சீனப் பள்ளியில் சேர்த்தால் நாளைக்கு வேலைக்குக் கஷ்டமில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நாளில் முடிவு செய்தோம். பாரத்தை நிரப்பியது நான். வரிசையில் நின்று கொடுத்ததும் நான். வேண்டாம் என்று யாரும் எனக்கு மஞ்சள் தாள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அதிலிருந்த உத்தியைக் கண்டுபிடித்துச் சிரித்திருப்பேன். சரோஜாவுக்கு அந்த வசதி அன்று இல்லை.

ஆதவன் தமிழ் பேசுவான், நன்றாகவே பேசுவான். படிக்கத் தெரியாது. இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் அவன் சின்ன வயதுக் குறும்பை எல்லாம் எழுதுகிறேனே, ஒரு வரிகூட அவன் படித்ததில்லை. தலைப்பில் என் படத்தைப் பார்த்துவிட்டு "அழகா இருக்கம்மா" என்று செய்தி அனுப்புவான்.

சனிக்கிழமை

அந்த வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை. என் வீட்டுக்காரர், "அதான் பேரு போடலியே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். அதுதான் என்னை இன்னும் அரித்தது. சனிக்கிழமை காலையில் கிளம்பி சரோஜா வீட்டுக்குப் போனேன். தனியாக அவரிடம் மட்டும் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு பெட்டி டாடோல் வேறு வாங்கிக்கொண்டேன். வெட்கத்தைப் பாருங்கள், இனிப்போடு போகிறேன்!

"வாங்க டீச்சர், பசியாறிட்டிங்களா?" என்று சரோஜா நாற்காலி போட்டார். எதிரே மலாய்ப் பள்ளியின் நீலக் கேட் தெரிந்தது. வாசலிலிருந்து அதற்கு நடந்து போக இரண்டு நிமிடம்கூட ஆகாது.

"சரோஜா, அந்தக் கவித..."

"நீங்க எழுதினதுதானே."

டாடோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எழுத்து உங்களோடது டீச்சர். உங்க 'ழ'வுக்கு வால் நீளமா கீழ போவும். அந்தத் தாள எத்தன தடவ பாத்திருப்பேன்! கூட்டத்துக்கு வந்த மொத நாள், நீங்க போர்டுல 'வாழ்க்கை'ன்னு எழுதினீங்க. அன்னிக்கே தெரிஞ்சிடுச்சி."

நான்கு மாதம். நான்கு மாதமாக அவருக்குத் தெரியும். நான் போர்டில் ஒவ்வொரு உத்தியாக எழுதி விளக்கியபோதெல்லாம் அவர் அந்த வாலைப் பார்த்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ரெண்டாவது வாரம் உங்க மகன் சீன ஸ்கூல்ன்னு சொன்னீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சமைக்கவே இல்ல. தேவி கேட்டா, என்னாம்மான்னு. ஒண்ணுமில்லன்னுட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சரோஜா எல்லாரு முன்னாலயும் அப்படிக் கேட்டீங்க?"

"நீங்க சொல்வீங்கன்னுதான்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் எதிர்த்தாவது பேசியிருப்பேன். "நாலு மாசம் யோசிச்சேன் டீச்சர். இவங்க நல்லவங்க, கேட்டா சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க தேத்தண்ணி குடிப்போம்னீங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அசட்டுத்தனமாக ஒன்று சொன்னேன். "அன்னிக்குப் பாரத்தக் கிழிச்சது நீங்கதான் சரோஜா. அது உங்க முடிவுதான்."

"அத நீங்க சொல்லக்கூடாது," என்றார் சட்டென்று. அன்றைக்கு அந்த ஒரு இடத்தில்தான் அவர் குரல் உயர்ந்தது.

பிறகு, "என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போவாதீங்க. நாளைக்கு அங்க சொல்லுங்க," என்றார். டாடோலை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, திருப்பி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

போர்டு

மறுநாள் போகும்போது காரில் சத்தமாகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று. தங்கா பத்துவிலிருந்து மெர்லிமாவ் போவதற்குள் மூன்று தடவை பேசி முடித்தேன். மூன்றாவது தடவை நன்றாக வந்தது.

மாடியில் எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். "போன வாரம் சரோஜா கொண்டுவந்த கவிதைய எழுதினது நான்தான்," என்றேன்.

ராணி கையில் வைத்திருந்த கறிபாப்பைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

தொடர்ந்து பேசினேன். நாமெல்லாம் தாய்மார்கள், பிள்ளைக்காக எதையும் செய்கிறவர்கள் என்றேன். சீனப் பள்ளிதான் என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார் என்றேன். பள்ளியைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்றேன். இன்றைக்கு நான் செத்தேன் என்று கடிதம் வந்தால் அதைப் படிக்க என் மகனுக்குத் தெரியாது என்றேன். அங்கே குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிடுங்க சரோஜா," என்று கைகூப்பினேன்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அழுகை நடிப்பில்லை. ஆனால் காரில் மூன்றாவது தடவையும் அதே இடத்தில்தான் அழுதேன்.

யாரோ விசும்பினார்கள். ராணி எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "விடுங்க டீச்சர், யாருதான் தப்பு பண்ணல?" என்றார். அத்தோடு முடிந்தது என்று எனக்கு மூச்சு வந்தது.

"டீச்சர்," என்றார் சரோஜா. "தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப நீங்க பேசினதையும் பிரிச்சிப் பாக்கலாமா?"

நான் ஜமீலா அக்காவைப் பார்த்தேன். அவர் எனக்கு உதவிக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பாக்கத்தான் வேணும்," என்றார்.

நான் மார்க்கரை எடுத்தேன். சரோஜா கையை நீட்டினார். கொடுத்துவிட்டு, அவர் வழக்கமாக உட்காருகிற முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"நாமெல்லாம் தாய்மாருங்கன்னாங்க," என்று ராணி தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. "தோள்மேல கை."

சரோஜா எழுதினார். நிறுத்தி நிறுத்தி, உருண்டை உருண்டையான எழுத்து.

"வீட்டுக்காரரக் கொண்டாந்து நடுவுல நிறுத்தினாங்க," என்றார் ஜமீலா அக்கா. "கவிதையில அப்பாவே இல்ல. இங்க பழிய வாங்கிக்கறதுக்கு மட்டும் வந்துட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "அவருதான் பிடிவாதமா நின்னாரா டீச்சர்? நெசமாவா?" என்றார்.

"இல்லக்கா," என்றேன். "பாரம் நிரப்பினது நான்தான்."

"கடுதாசி படிக்கத் தெரியாதுன்னு அழுதது?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"கண்ணத் தொடச்சிக்கோ," என்று நானே சொன்னேன். சரோஜா திரும்பிப் பார்த்துவிட்டு அதையும் எழுதினார்.

கடைசியாக அவர் மார்க்கரை மூடிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரு முன்னாலயும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிச்சிடுன்னு கேட்டீங்க. வயசுல மூத்தவங்க, டீச்சர், அழுதுக்கிட்டு நிக்கிறீங்க. இல்லன்னு நான் எப்படிச் சொல்றது? எனக்கு எந்தப் பக்கம் போறதுக்கு வழி வெச்சீங்க?"

ஜமீலா அக்கா தான் வைத்த அந்தப் பெயரை வாய் திறந்து சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. நான் மறுபடி கூப்பப் போன கையை இறக்கி மடியில் வைத்தேன்.

"நான் இன்னும் மன்னிக்கல டீச்சர்," என்றார் சரோஜா. "மன்னிக்க மாட்டேன்னும் சொல்லல. இந்தத் தடவ நானே யோசிச்சி முடிவு எடுத்துக்கறேன்."

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வருகிறார். முன்வரிசையில்தான் உட்காருகிறார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.